தென்னாப்பிரிக்காவில் துப்பாக்கி உரிமம்: 90 நாள் விதியை ஏன் தவறவிடக்கூடாது?

[திரையில்: சான்றிதழ் ஒன்றும் உரிம அட்டை ஒன்றும் அருகருகே]

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க விரும்புபவர் இரண்டு அனுமதிகளைப் பெற வேண்டும். தகுதிச் சான்றிதழ் ஆளைப் பற்றியது. உரிமம் குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியைப் பற்றியது. முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. 1969ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் உரிமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. 2004 ஜூலை 1 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அதை மாற்றியது. இன்றும் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுவது அந்த மாற்றமே.

தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் பொதுவாக 21 வயது நிறைந்தவராகவும், அந்நாட்டின் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சட்ட அறிவுத் தேர்வையும் சுடும் தேர்வையும் முடித்த பிறகு, 517ஆம் எண் படிவத்துடன் தன் பகுதிக் காவல் நிலையத்தில் துப்பாக்கி விண்ணப்பங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் செல்ல வேண்டும். அங்கே கைரேகை எடுக்கப்படும். மனநிலை, வன்முறைப் போக்கு, போதைப் பழக்கம், பழைய தண்டனைகள் ஆகியவை விசாரிக்கப்படும். கைத்துப்பாக்கிக்குப் பெற்ற தகுதி ரைஃபிளுக்குச் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

[திரையில்: 271ஆம் எண் படிவம்]

உரிமத்துக்கான படிவத்தில் உண்மையான எடை, ‘ஏன் தேவை’ என்ற விளக்கத்துக்குத்தான் உண்டு. தற்காப்புக்காகக் கேட்பவர், வேறு வழிகளில் தன்னைக் காத்துக்கொள்ள நியாயமான வாய்ப்பில்லை என்று காட்ட வேண்டும். ஆகவே யாரோ எழுதிய கடிதத்தைப் படியெடுத்துக் கொடுக்காமல், உங்கள் தொழில், பயண நேரம், வீடு இருக்கும் இடம் ஆகியவற்றை நீங்களே எழுதுங்கள். வீட்டிலுள்ள பெட்டகம் உரிய தர அளவின்படி இருக்கிறதா, போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் அதிகாரி பார்ப்பார். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம்.

தற்காப்பு உரிமம் 5 ஆண்டுகளுக்கும், வேட்டைக்கும் விளையாட்டுக்குமான உரிமம் 10 ஆண்டுகளுக்கும் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடிவுத் தேதிக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு.

[திரையில்: 2026 நாட்காட்டி, ஜூலை 2, செப்டம்பர் 30]

உங்கள் அட்டையில் 2026 செப்டம்பர் 30 என்று இருந்தால், உங்களுக்கான கடைசி நாள் ஜூலை 2. அதற்குள் கொடுத்துவிட்டால், முடிவு வருவதற்கு எத்தனை மாதங்கள் ஆனாலும் பழைய உரிமம் செல்லுபடியாகும். புதுப்பிக்காமல் முடிவுத் தேதி கடந்துபோனால் உரிமமே இல்லாமல் போய்விடுகிறது. பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தாலும் அது சட்டவிரோத ஆயுதம்தான். வாகன உரிமத்தைத் தாமதமாகப் புதுப்பிப்பதுபோல அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

புதுப்பித்தலையும் காலாவதியையும் பற்றிய இந்தச் சட்டப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் 2017இல் கூறியது. ஆனால், துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் ஒழுங்குபடுத்தும் ஒரு சலுகையே என்று கூறி, அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஜூன் 7 அன்று அதை ஏற்க மறுத்தது. அதன்பின் 2019 டிசம்பரிலும் 2020 ஆகஸ்டிலும் தொடங்கிய பொதுமன்னிப்புக் காலங்களில், காலாவதியான உரிமத்துடன் இருந்தவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துப் புதிதாக விண்ணப்பிக்க முடிந்தது. அத்தகைய வாய்ப்பு மறுபடியும் வரும் என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்தானது.

எனவே இன்றே அட்டையை எடுத்து முடிவுத் தேதியைப் பாருங்கள். முகவரி மாறியிருந்தால் 30 நாட்களுக்குள் காவல்துறையின் துப்பாக்கிப் பதிவகத்துக்குத் தெரிவியுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்த நாளிலேயே ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, தேதி தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்து, உரிம அட்டையுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.