விழுந்த வீட்டை யார் வந்து பார்த்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில்தான் பெரும்பாலும் வேலை பார்த்தேன். வீட்டை இழந்தவர்கள் அரசு உதவியைக் கேட்டு வாங்குவது எப்படி என்று பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். திட்டங்களின் பெயரை அடுக்கிக்கொண்டே போனால் எனக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும், கேட்கிறவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு வீடு விழுந்த நாளிலிருந்து பணம் வருகிறவரை அந்தக் காகிதம் எந்த வழியாகப் போகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் வீடு போவதற்கு வழியா இல்லை? பேச்சிப்பாறை அணையில் 48 அடியும் பெருஞ்சாணி அணையில் 77 அடியும் நெருங்கி உபரி நீரைத் திறந்துவிட்டால் குழித்துறை ஆற்றங்கரைக்காரர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. பழையாறு பெருகினால் ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் ரப்பரும் தென்னையும் முறிந்து ஓட்டுக்கூரைகளின் மேல் விழுந்தன. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் மழை வெள்ளம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ஐ குளச்சல்காரர்களுக்கும் கொட்டில்பாடு, மணக்குடிக்காரர்களுக்கும் நான் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. போதாததற்கு வருஷா வருஷம் ஆனி, ஆடியில் கடல் ஏறிவந்து கரையோர வீடுகளின் அஸ்திவாரத்தை அரித்துவிட்டுப் போகிறது.

எப்படிப் போன வீடானாலும் சரி, அதற்கான முதல் அறிக்கை எழுதப்படுவது உங்கள் கிராமத்தில்தான். பெரியவர்கள் இன்னமும் பகுதி ஆபீஸ் என்று சொல்கிற கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து எழுத வேண்டும். அது வருவாய் ஆய்வாளரிடம் போய், தாசில்தாரிடம் போய், அப்புறம்தான் மேலே ஏறும். மேலே இருக்கிறவர்கள் உங்கள் வீட்டைப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு தாளைத்தான் பார்ப்பார்கள். அதில் விழாத எதுவும் பிறகு பணமாக வராது.

இதைத் தெரிந்துகொண்டால் முதல் நாளில் என்ன செய்வது என்பது தானாகவே புரிந்துவிடும். நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் வருவார்களே, பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று விடிவதற்குள் முற்றத்தைக் கூட்டி, உடைந்த ஓட்டை ஓரமாக அடுக்கி, விழுந்த மண்ணை வாரிக் கொட்டிவிடுவார்கள். மதியம் அலுவலர் வரும்போது வீட்டைப் பார்த்தால் ஏதோ மராமத்து நடக்கிற இடம் மாதிரி இருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்தான பாகத்தை மட்டும் அப்புறப்படுத்துங்கள், மற்றது கிடந்தபடி கிடக்கட்டும். யாருடைய போனிலாவது படம் எடுங்கள். இடிந்த சுவரை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது எந்த ஊர்ச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீடோ, எண் எழுதியிருக்கும் மின்கம்பமோ தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, உள்ளே போய் ஒன்று, கூரை தெரிய ஒன்று என்று எடுங்கள். 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதோடு விடாமல் ஒரு வெள்ளைத்தாளில் இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன மாதிரி வீடு விழுந்தது என்று எழுதிக் கிராம அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம், கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளை அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது முகாம். இங்கே பள்ளிக்கூடத்திலும் கலியாண மண்டபத்திலும், கடற்கரையில் என்றால் கோயில் வளாகத்திலும் முகாம் போடுவார்கள். மானம் பார்க்கிற குடும்பங்கள் முகாமுக்கு வராது. ஆம்பிள்ளை வீட்டைக் காத்துக்கொண்டு இருப்பார், அம்மாவும் பிள்ளைகளும் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ சித்தி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அது அவரவர் சௌகரியம். ஆனால் முகாமில் இருப்பவர்களின் பெயர் அன்றைக்கே பட்டியலில் ஏறிவிடுகிறது, சித்தி வீட்டுக்குப் போனவர் பெயரை யார் ஏற்றுவது? எங்கே தங்கினாலும் ஒரு முறை முகாமுக்குப் போய், நாங்கள் இன்னார், எங்கள் வீடு போய்விட்டது, இப்போது இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று பதிவு செய்துவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடம் திறக்க வேண்டும் என்று முகாமைக் கலைக்கும் நாளிலும் இதையே செய்ய வேண்டும். வீடு இல்லாதவரை எங்கே போகச் சொல்லி முகாமைக் கலைக்கிறார்கள் என்று நானே பணியில் இருந்தபோது கேட்டிருக்கிறேன். சரியான பதில் எனக்கும் கிடைத்ததில்லை.

இனி தொகைக்கு வருவோம். 2022 முதல் 2026 வரைக்கும் என்று மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிப்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மலைப்பகுதி என்றால் 1,30,000. ஒரு பாகம் சேதமான கெட்டி வீட்டுக்கு 6,500, அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும். பாகம் சேதமான கச்சா வீட்டுக்கு, அதாவது மண்சுவர் மாதிரி கெட்டியில்லாத வீட்டுக்கு, 4,000. ஓலைக் குடிசையோ தார்ப்பாய்க் குடிசையோ என்றால் முழுதாகப் போனாலும் 8,000தான். இருந்ததெல்லாம் அந்தக் குடிசைக்குள்தான் இருந்தது என்றாலும் எட்டாயிரம். இதில் எனக்கு ஒருநாளும் உடன்பாடு கிடையாது. வீடு அடித்துக்கொண்டு போனால் அல்லது முழுதாகப் போனால் அந்தக் குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று தனியாகவும் உண்டு. பல பேர் இதைக் கேட்பதே இல்லை.

கவனித்தீர்களா? முழுச் சேதம் என்று எழுதினால் ஒரு லட்சத்து இருபதாயிரம், பகுதிச் சேதம் என்று எழுதினால் ஆறாயிரத்து ஐந்நூறு. நடுவில் வேறு படியே கிடையாது. பார்க்க வருகிறவர் அரை நாளில் ஐம்பது வீடு பார்க்க வேண்டியவராக இருப்பார். வாசலில் நின்று, கூரை பாதி இருக்கிறது, சுவர் நிற்கிறது, பகுதி என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். அவரை உள்ளே கூப்பிடுங்கள். விரிசலைக் காட்டுங்கள், ஓட்டைத் தாங்குகிற கழுக்கோல் சுவரை விட்டு விலகி நிற்பதைக் காட்டுங்கள். என்ன எழுதினீர்கள் சார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இதில் நம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளுக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. மண் குழைத்து வைத்துக் கட்டிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றுவிட்டு இறங்கும். அலுவலர் வந்து பார்க்கும்போது வீடு குத்துக்கல்லாக நிற்கும், கறை மட்டும்தான் தெரியும். அடியில் சுவர் ஊறிப்போய் இருப்பது வெளியே தெரியாது. அப்புறம் வெயில் அடிக்கும். ஊறின மண் காய்ந்து சுருங்கும்போது அடிச்சுவர் பிளந்து, மேல்பாரத்தைத் தாங்காமல் ஒரு நாள் ராத்திரி அப்படியே உட்கார்ந்துவிடும். பழையாற்றங்கரையில் ஒரு அம்மா என்னிடம், "சாரே, மழைக்கு நின்ன சுவரு வெயிலுக்கு விழுந்துட்டு. இதுக்குப் பணம் உண்டுமா?" என்று கேட்டார். முதல் அறிக்கை அதற்குள் மேலே போயிருந்தது. உண்டு என்றுதான் சொன்னேன், ஆனால் மறுபடி மனு கொடுக்க வேண்டும். விழுந்த மறுநாளே, வெள்ளத்தில் ஊறியதால் விழுந்தது, ஏற்கெனவே இன்ன தேதியில் பார்வையிட்ட வீடு, மறு ஆய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை எடுத்த படத்தில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. தாமதமாகப் போனால், சும்மா கிடந்த பழைய வீடு தானே விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

தீப்பிடித்துப் போன வீட்டுக்கு இதோடு தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையும் காவல் நிலையப் புகாரும் வேண்டும். சிலிண்டர் வெடித்துப் போனது என்றால் கேஸ் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில், இணைப்பு பதிவான முகவரியில் நடந்த விபத்தாக இருந்தால், சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை இடமிருக்கிறது. வீடு மாறியும் முகவரியை மாற்றாமல் இருப்பவர்கள் அதை முதலில் மாற்றிவிடுங்கள்.

காகிதங்கள். வீடே தண்ணீரில் போயிருக்கிறது, ரேஷன் கார்டு எங்கே, பட்டா எங்கே என்று கேட்கிற கொடுமை எல்லாருக்கும் தெரியும். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் போன சான்றுகளைக் கட்டணம் இல்லாமல் திரும்பத் தர முகாம் போட்டார்கள். நம் பக்கமும் வெள்ளம் வந்தால் அப்படி முகாம் வேண்டும் என்று ஊராட்சியில் கேளுங்கள். பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம், பத்திரத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்கள் நம் வீடுகளில் மலையாளத்தில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஆள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள், அது வேறு கதை.

பெரிய சிக்கல் பெயரில்தான். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா இறந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும், பாகப்பிரிவினை நடந்திருக்காது. வெள்ள நிவாரணத்துக்கு, நான் பார்த்தவரை, வீட்டு வரி ரசீதும் மின் அட்டையும் அந்த முகவரியிலுள்ள குடும்ப அட்டையும் இருந்தால் குடியிருந்தவர் இன்னார் என்று காட்டிவிடலாம். அடுத்த படியில்தான் கதவு அடைபடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடியில் வீடு கட்ட 3,50,000 ரூபாய் தருகிறார்கள். அதற்கு நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் கூடி வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவைப் பிரிக்க வேண்டியது மழைக்கு முன்னால். வீடு விழுந்த பிறகு அண்ணனும் தம்பியும் அதே மனநிலையில் இருக்க மாட்டார்கள். ஆற்றுப் புறம்போக்கிலும் குளத்துக் கரையிலும் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் பட்டா கிடைக்காது. அவர்கள் வேறிடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டுத்தான் மனுப் போட வேண்டும்.

கடற்கரைக்காரர்களின் நிலைமை இதைவிட மோசம். புயல், வெள்ளம், சுனாமி, தீ எல்லாம் நிவாரணப் பட்டியலில் இருக்கிற பேரிடர்கள். மெதுவாக அரித்துக்கொண்டு போகிற கடல் அந்த மத்தியப் பட்டியலில் இல்லை. வீடு மட்டும் போனால் அதே மனையில் கட்டலாம். இங்கே மனையே கடலுக்குள் போய்விடுகிறதே! அலையின் வேகத்தைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டுகிற தூண்டில் வளைவு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடப்பது இதனால்தான். 15-வது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும், ஆற்று, கடல் அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை வேறிடத்தில் குடியமர்த்த நாடு முழுவதற்குமாக 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அப்படி ஒரு தலைப்பில் பணம் பேசப்பட்டது என்பதே நம் கடலோரத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேவாலயத்தின் பங்குப் பேரவையும் ஊர்க் கமிட்டியும் மனு எழுதும்போது தடுப்புச் சுவர் மட்டும் கேட்காமல், வீடு போன குடும்பங்களின் பட்டியலை இணைத்து, மறுகுடியமர்வு என்று தனியாக ஒரு கோரிக்கை வையுங்கள்.

மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்? தாசில்தாருக்கு மேலே, நாகர்கோவில் கோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கோட்டாட்சியர், பத்மநாபபுரம் கோட்டத்தில் இருப்பவர்களுக்கு சார் ஆட்சியர். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எண் இல்லாமல் அங்கிருந்து திரும்பாதீர்கள். 1100 என்ற எண்ணிலும் பதியலாம். இதெல்லாம் செய்தும் இழுத்தடித்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, என் வீட்டைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் பணம் வரவில்லை என்று கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அறிக்கையைக் கேட்டால், பகுதிச் சேதம் என்று எழுதியிருக்கிறார்களா, எழுதவே இல்லையா என்பது வெளியே வந்துவிடும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்று இருக்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்கக் கூடாது. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அல்லது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போகலாம். போகும்போது அந்தப் படங்களையும், கையெழுத்து வாங்கிய பிரதியையும், மனு எண்ணையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வணக்கம்.