எழுத வராத நாட்களில்

நேயர்களுக்கு வணக்கம். எழுத அமர்ந்தும் எழுத்து ஓடாமல் நின்றுபோகும் நிலையைப் பற்றி, இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து இப்போது எழுத வருகின்ற இளையவர்களை மனதிற்கொண்டு, இன்று பேச விரும்புகிறேன்.

1940களில் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ‘ரைட்டர்ஸ் ப்ளொக்’ (writer's block) என்ற பெயரைச் சூட்டிய எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர், அதன் காரணத்தை எழுத்தாளரின் கைக்குழந்தைப் பருவத்தில் தேடினார். அந்த விளக்கத்தில் எனக்கு நாட்டமில்லை. ஹட்டனிலும் பதுளையிலும் நான் சந்திக்கின்ற இளம் எழுத்தாளர்கள், சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கவில்லை; சொல்ல வேண்டியது அளவுக்கு மிஞ்சிக் கிடப்பதால்தான் நிற்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு பரவலாக நினைவுகூரப்பட்ட பின்னர், இந்தச் சுமை இன்னும் கூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த வழியும், அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டமும், பல இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் இணங்கிய 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தமும், இன்றைய நாட்சம்பளமும் ஒரே சிறுகதைக்குள் வந்துவிட வேண்டும் என்று எண்ணித் தொடங்குகிறவருடைய பேனா, இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

அப்படி நின்றவர்களிடம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கின்ற கொழுந்து மடுவத்துக்குப் போய் நில்லுங்கள் என்றே நான் சொல்வேன். மழையில் நனைந்த கொழுந்து தராசில் ஏறும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் எவ்வளவு கழிக்கப்படுகிறது, அந்தக் கணக்கு எழுதப்படும்போது கொழுந்தெடுத்த பெண்ணின் கண் தராசில் இருக்கிறதா, எழுதுகிறவரின் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் உரைநடையாகக்கூட வேண்டாம், பேச்சாகவே எழுதுங்கள். "எத்தன கிலோ அக்கா?" "பதினெட்டு இருந்துச்சு, ரெண்டக் கழிச்சுட்டாங்க. இன்னிக்கி அரப்பேருதான்." அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். இந்த இரண்டு வரிக்குள் சம்பளமும் அதிகாரமும் வந்துவிட்டன, வரலாறும், நாம் அழைக்காமலே, பின்னால் வரும். நல்ல தமிழில் தொடங்க வேண்டும் என்ற அச்சம் பலரைக் கட்டிப்போட்டிருக்கிறது. நல்ல தமிழ் வேண்டியதுதான், ஆனால் அது திருத்தி எழுதும்போது வரட்டும்.

அந்த இரண்டு வரியும் வரவில்லை என்றால், பிறர் சொல்வதை எழுதலாம். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி.வி. வேலுப்பிள்ளை, தாமே கவிஞராக இருந்தும், தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் திரட்டினார். அவை 1983இல் நூலாக வெளிவந்தன. அதைத் தொகுப்பாளரின் வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். ஒரு பாட்டியின் ஒப்பாரியை அவர் நிறுத்துகின்ற இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்குகின்ற இடத்தில் வரியை முறித்து எழுதிப் பார்த்தவருக்கு, வாக்கியம் எங்கே முடிய வேண்டும் என்பது எந்த எழுத்துப் பட்டறையிலும் கிடைக்காத அளவுக்குத் தெளிவாகிவிடும்.

வேளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனநிலை வாய்க்கட்டும் என்று காத்திருந்தவர்களைவிட, குறித்த வேளைகளில் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பக்கங்கள் மட்டுமல்ல, புதிய எண்ணங்களும் கூடுதலாகத் தோன்றின என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில் காட்டினார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து அறையில் தனி மேசைக்கும் தனிமைக்கும் எங்கே போவது என்று நீங்கள் கேட்பது நியாயமே. வீடு விழிப்பதற்கு முந்திய அரைமணி நேரமோ, நகரத்துக்குப் போகின்ற பஸ் பயணமோ போதும், அது நாள்தோறும் ஒரே வேளையாக இருக்குமானால். எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வார். பஸ்ஸில் எழுதுகிறவருக்கு இறங்குமிடம் வந்ததும் அந்த நிறுத்தம் தானாகவே அமைந்துவிடும். அடுத்த வாக்கியத்தின் முதற்சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு இறங்குங்கள்.

நன்றி. வணக்கம்.