தன் வாயாலேயே ஒப்புக்கொண்ட சட்டம்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோணேசர் மண்ணாம் திருகோணமலையின் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வாகன நெரிசலைக் குறைப்பதற்காகச் சைக்கிள் பாதைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மக்கள் எதிர்ப்பது நியாயமே என்று வாதிட வந்திருக்கிறேன். இந்த விவாதத் தலைப்புக்குக் காரணமான சட்டம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்காவது அங்கே ஒரு அண்ணனோ அக்காவோ மச்சானோ இருப்பார்கள் என்பதால், இது யாரோ எவருக்கோ போட்ட சட்டம் என்று நாம் கைகட்டி இருந்துவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2024 ஒக்டோபரில் ஒன்ராறியோ அரசு 212ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. நவம்பர் முடிவதற்குள் அது சட்டமாகிவிட்டது. வாகனங்கள் ஓடும் தடமொன்றை எடுத்துச் சைக்கிள் பாதை அமைக்க விரும்பும் நகரசபை எதுவாயினும் மாகாண அரசின் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். அத்தோடு நில்லாமல், ரொறன்ரோ நகரின் புளோர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளிலும் ஏற்கனவே போடப்பட்டிருந்த பாதைகளையும் அகற்றப்போவதாக அறிவித்தது. அவற்றை அகற்ற ஏறக்குறைய 48 மில்லியன் டொலர் செலவாகும் என்று நகரசபை அதிகாரிகள் கணக்குக் கொடுத்தார்கள். அமைப்பதற்குச் செலவானதோ சுமார் 27 மில்லியன். மாகாண அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஏற்காமற் போகட்டும், என் வாதம் பணத்தைப் பற்றியதல்ல.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஒரு தடத்தைச் சைக்கிளுக்குக் கொடுத்ததனால்தான் மறு தடத்தில் கார்கள் தேங்குகின்றன, தடத்தைத் திருப்பிக் கொடுத்தால் தேக்கம் தீரும்" என்றார். கேட்பதற்கு வாய்க்கால் கணக்குப் போல இருக்கிறது. வாய்க்காலை அகட்டினால் தண்ணீர் விரைந்து ஓடத்தான் செய்யும். ஆனால் தண்ணீர் தானாக முடிவெடுப்பதில்லை, மனிதர் எடுக்கிறார்கள். வீதி அகன்றுவிட்டது என்று தெரிந்தவுடன், நேற்றுவரை பஸ்ஸில் போனவர் காரை எடுக்கிறார், காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர் எட்டு மணிக்கே புறப்படுகிறார், சில ஆண்டுகளில் புதிய தடமும் நிரம்பிவிடுகிறது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் கேட்டி நெடுஞ்சாலையைப் பக்க வீதிகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள்வரை அகலமாக்கினார்கள். 2008இல் வேலை முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டது. இருபத்தாறு தடத்தால் தீராத நெரிசலை, ஒரு சைக்கிள் பாதையின் அகலத்தைப் பறித்துத் தீர்க்கலாம் என்பதை நான் எப்படி நம்புவது?

சரி, அந்தப் பாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்து ஒழுங்கைகளால் போகட்டும் என்கிறது எதிரணி. அவர்கள் போகவேண்டிய கடையும் வேலைத்தலமும் வைத்தியசாலையும் பிரதான வீதியில் இருக்கும்போது அவர்கள் அங்கேதான் வருவார்கள், பாதுகாப்பு மட்டும் இல்லாமல் வருவார்கள்.

இதை விளங்கிக்கொள்ள நாம் கனடாவுக்குப் போகத் தேவையில்லை, நடுவர் அவர்களே. 2021 நவம்பர் 23ஆம் திகதி நம்முடைய கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் நடந்தது இந்த அவைக்கு மறந்திருக்காது. பாலம் கட்டுமானத்தில் இருந்தது, மக்கள் மிதப்புப் பாதை எனும் மிதவையில் ஏறி நீரைக் கடந்தார்கள், அது கவிழ்ந்தது, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. அந்தத் துயரத்தை வாதத்துக்குக் கருவியாக்க எனக்கு மனமில்லை, ஆனாலும் அது கற்பித்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பாதுகாப்பான வழி இல்லாமற் போனதும் மக்கள் கடப்பதை நிறுத்திவிடவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, பெரியவர்களுக்குத் தொழில் இருந்தது; கிடைத்த வழியில் கடந்தார்கள்.

ஒன்ராறியோ அரசுக்கும் இது தெரிந்தே இருந்தது. எப்படிச் சொல்கிறேன் என்றால், சட்டமே அதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறது. சட்டமூலம் சபையில் இருந்த காலத்திலேயே அரசு அதில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. பாதைகள் அகற்றப்பட்டதன் விளைவாக ஒருவர் காயப்பட்டாலோ உயிரிழந்தாலோ அரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்க முடியாது என்பதே அதன் சாரம். நெரிசலைக் குறைக்கும் சட்டத்துக்கு இந்தப் பிரிவு எதற்கு? அகற்றுவதால் எவருக்கும் ஆபத்தில்லை என்று நம்பும் அரசு, ஆபத்து நேர்ந்தபின் வரக்கூடிய வழக்குக்கு முன்கூட்டியே கதவடைக்குமா? நம்முடைய ஊரில் ஒரு படகுக்காரர், "ஏறுங்கள், ஒன்றும் ஆகாது, ஆனால் மூழ்கினால் என்னைக் கேட்கமாட்டோம் என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று சொன்னால், ஏறப்போன காலை நாம் பின்னுக்கு எடுப்போம். ரொறன்ரோ மக்கள் செய்ததும் அதுதான். சைக்கிள் ஓட்டுநர் அமைப்பொன்றும் சிலரும் நீதிமன்றம் போனார்கள். 2025 ஜூலை 30ஆம் திகதி மாகாண மேல் நீதிமன்ற நீதிபதி போல் ஷாபாஸ், அந்த மூன்று வீதிகளின் பாதைகளை அகற்றும் ஏற்பாடு கனேடிய உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவு காக்கும் உயிருக்கும் உடற்பாதுகாப்புக்குமான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். சைக்கிள் பாதை ஒருவரின் அடிப்படை உரிமை என்று அவர் சொல்லவில்லை. இருக்கும் பாதுகாப்பைப் பறித்தால் உயிராபத்து கூடும், பறிப்பதால் நெரிசல் குறையும் என்பதற்கோ ஆதாரமில்லை என்பதே அவர் கண்டது. அரசுக்குள்ளிருந்தே அப்படி எச்சரித்த ஆலோசனைகள் நீதிமன்றத்தின் முன் வந்தன. அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. அது அதன் உரிமை.

வியாபாரம் கெடும் என்றும் எதிரணி சொன்னது. புளோர் வீதியில் 2016இல் பரீட்சார்த்தமாகப் பாதை போட்டபோது அந்தப் பயம் கடைக்காரர்களுக்கும் இருந்தது. பின்னர் செய்த ஆய்வில் வாடிக்கையாளர் வருகையும் அவர்கள் செலவிட்ட தொகையும் கூடியிருந்தன. அம்புலன்ஸ் சிக்கும் என்றார்கள்; அம்புலன்ஸை மறிப்பது முன்னால் நிற்கும் கார்களின் வரிசையே.

"சைக்கிளில் போவோர் ஒரு கைப்பிடி அளவு" என்பதுதான் எதிரணியின் மிகப் பலமான அம்பு. அந்தக் கைப்பிடியில் ஒருவரை மட்டும் உங்கள் முன் நிறுத்துகிறேன். விடியற்காலையில் திருக்கடலூர்ப் பக்கமிருந்து வரும் மீன் வியாபாரியை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். கரியலில் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டிய றெஜிபோம் பெட்டி. உருகும் ஐஸ் பின்சில்லின்மேல் சொட்டிக்கொண்டே வரும். அனுராதபுரச் சந்தியை அவர் நெருங்கும்போது பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அவர் தாரின் விளிம்பை விட்டு மணலில் இறங்குகிறார். முன்சில்லு மணலில் வழுக்குகிறது, பெட்டியின் பாரம் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஒற்றைக் காலை ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டு பஸ் போகும்வரை நிற்கிறார். நம்முடைய நகரத்து மான்கள் வீதியைக் கடக்கும்போது அதே பஸ் பொறுமையாக நிற்கும் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். மானுக்குக் கிடைக்கும் மரியாதையைத்தான் நான் இந்த மனிதருக்கும் கேட்கிறேன். இப்படி மணலில் இறங்கத் துணிந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, "பார்த்தீர்களா, சிலர்தான்" என்று சொல்வது என்ன கணக்கு? இறங்கப் பயந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் அனுப்பும் தாய் அந்த எண்ணிக்கையில் இல்லை. அந்த ஆட்டோவும் சேர்ந்துதான் நெரிசல்.

2022இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, கந்தோர் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு ஏறினார்கள். கைப்பிடி அளவு என்று சொல்லப்பட்டவர்கள் ஒரே மாதத்தில் வீதி நிறைந்தார்கள். வாகனம் குறைந்து வீதி பயமற்றதாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை அன்று ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நடுவர் அவர்களே, என் நேரம் முடிகிறது. அடுத்து எழுந்து பேசப்போகும் எதிரணி நண்பர் நெரிசலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் அமர்வதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் அவர் விடை சொல்லியாக வேண்டும்: ஒருவருக்கும் ஆபத்தில்லை என்றால், இறந்தவரின் குடும்பம் வழக்குப் போடக்கூடாது என்ற அந்தப் பிரிவை யாருக்காக எழுதினார்கள்?

நன்றி, வணக்கம்.