லைபீரியாவும் அந்த 300 டாலரும்

வணக்கம், வாருங்கள். பின்னால் வரைபடம் தொங்குவதைப் பார்த்ததுமே இன்று நீளமாகப் பேசப்போகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஐ.நா. பாதுகாப்பு சபையில் 2026, 2027 ஆண்டுகளுக்கு மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவுக்கு இடம் கிடைத்திருக்கிறதே, எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி! 2003 செப்டம்பரில் இதே சபைதான் 1509-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, உள்நாட்டுப் போரில் சிதைந்த அந்த நாட்டுக்கு 15,000 அமைதிப்படை வீரர்கள் வரை அனுப்ப ஒப்புதல் கொடுத்தது.

தேர்தலை நடத்தினால் அமைதி தானாக வந்துவிடும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், உங்களுக்கே தெரியும். 1997-இல் அங்கே தேர்தல் நடந்தது. முதல் உள்நாட்டுப் போரைத் தொடங்கிய கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லர் ஏறக்குறைய 75 சதவீத வாக்கு வாங்கினார். தோற்றால் இந்த ஆள் மறுபடியும் சண்டையைத் தொடங்குவார் என்று பயந்தே பலர் அவருக்குக் குத்தினார்கள். பலன்? இரண்டே ஆண்டில் அடுத்த போர்.

அதனால் 2003-இல் அந்தப் போர் முடிந்தபோது, முதலில் துப்பாக்கியை வாங்கு, பிறகு வாக்குச்சீட்டைக் கொடு என்று வரிசையை மாற்றினார்கள். இங்கேதான் அந்த 300 டாலர் வருகிறது. ஆயுதத்தை ஒப்படைப்பவருக்கு 300 டாலர், அதுவும் 150, 150 என்று இரண்டு தவணை. துப்பாக்கி ஏந்தியவனிடம் போய்த் தவணை பேசியிருக்கிறார்கள்! டிசம்பரில் தலைநகர் மன்ரோவியா அருகே முகாமைத் திறந்ததும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். பணத்தை இப்போதே கொடு என்று கலவரம், உயிர்ப்பலி. திட்டத்தையே நிறுத்திவிட்டு, ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கினார்கள். கடைசியில் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கிடைத்த ஆயுதங்களோ சுமார் 28,000! தோட்டாக்களை மட்டும் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். பணத்துக்காகவே வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேரோ. இருந்தாலும் மலிவுதான் என்பேன். போர் அதைவிட விலை அதிகம்.

அடடா, பெண்களை விட்டுவிட்டேனே. கொஞ்சம் பின்னால் போகிறேன். போரை முடித்த அமைதி ஒப்பந்தம் 2003 ஆகஸ்டில் கானாவின் தலைநகர் அக்ராவில் கையெழுத்தானது. அதற்கு முன் அமைதி கேட்டு வெள்ளை உடையில் பெண்கள் மன்ரோவியாவில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அக்ராவில் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, மண்டப வாசலை மறித்து யாரையும் வெளியே விடவில்லை. முன்னின்ற லேமா குபோவீக்கு 2011-இல் நோபல் பரிசு. எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இன்னொன்று, 2007-இல் அங்கே ஐ.நா. காவல் பணிக்குப் போன பெண்கள் மட்டுமே கொண்ட பிரிவு இந்தியாவின் சி.ஆர்.பி.எஃப். அனுப்பியது.

சரி, தேர்தல். 2005 அக்டோபரில் முதல் சுற்று, நவம்பரில் இரண்டாவது. கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயாவைத் தோற்கடித்து எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். முறைகேடு என்று வேயா தரப்பு தெருவில் இறங்கியது. ஆனால் நாடு மறுபடி போருக்குள் போகவில்லை.

2018 மார்ச்சில் ஐ.நா. படை மூட்டை கட்டியது. 2023-இல் படையின் துணையில்லாத தேர்தல். அதிபராக இருந்த அதே வேயா, ஜோசப் போவாக்காயிடம் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். முழு முடிவு வருவதற்கு முன்பே வானொலியில் தோல்வியை ஒப்புக்கொண்டார். கைதட்டினேன்!

ஒரே ஒரு குறை. போர்க்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் 2009-இல் கேட்ட போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு, ஓர் அலுவலகம் அமைக்கவே 2024-இல்தான் போவாக்காய் ஆணையிட்டார். பதினைந்து ஆண்டு தாமதம்! அதைப் பற்றி அடுத்த வாரம் கோபமாகப் பேசுகிறேன்.