சாம்பல் கிண்ணம் முடிவு செய்த சீட் துணி

வணக்கம் மக்களே. பின்னால் நிற்கிறதே, அதுதான் நம்ம ஆள். 1956 செஸ்னா 172, அந்த மாடல் விற்பனைக்கு வந்த முதல் வருடத்து விமானம். இப்போதைக்கு ஏறி உட்கார முடியாது, முன் சீட் இரண்டும் என் மேசைமேல் கிடக்கின்றன. முன்பு வைத்திருந்த யாரோ கார்களுக்குப் போடும் ரெக்சினைத் தைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெயிலில் நின்ற விமானத்தில் ஏறினால் தொடை ஒட்டிக்கொள்ளும். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதைப் பொறுக்க முடியாது, பாருங்கள். வெளியே வந்துவிட்டேன், பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறது. இது அந்த மெத்தையில் வெட்டிய ஃபோம். லைட்டரைக் காட்டுகிறேன்... உருகிச் சொட்டுகிறது, சொட்டும் துளியும் எரிந்துகொண்டே விழுகிறது. அடுத்தது கம்பளித் துணி. லைட்டரை எடுத்ததும் கருகி நின்றுவிட்டது, அவ்வளவுதான். இது எனக்கே புரிவதற்காகச் செய்தது, முறையான சோதனை கிடையாது.

இந்த விமானம் சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பழைய சி.ஏ.ஆர். 3 விதிப்படி சான்று பெற்றது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே புகைபிடிக்கலாமா கூடாதா என்பதை வைத்துத்தான் துணியையே தேர்ந்தெடுக்க வேண்டும். தடை என்று எழுதி ஒட்டியிருந்தால், துணியைப் படுக்கைவசமாக வைத்துக் கொளுத்தும்போது நிமிடத்துக்கு 20 இன்ச் வரை தீ பரவலாம். சாம்பல் கிண்ணம் இருந்தால் 4 இன்ச்தான். நான் சிகரெட் தொடுவதில்லை, ஆனால் இந்தக் குட்டிக் கிண்ணத்தைக் கழற்ற மனசு வரவில்லை. அதனால் 4 இன்ச் கணக்கு. கிண்ணம் இல்லாவிட்டாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். 20 இன்ச் என்றால் ஒரே நிமிடத்தில் சீட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்!

தோல் அழகுதான், ஆனால் கனம். எனவே மேலே கம்பளி. உள்ளே, அடியில் கெட்டியான ஃபோம், அதன்மேல் 1 இன்ச் கான்ஃபோர் என்ற தனி வகை ஃபோம். மெதுவாக அழுத்துகிறேன், விரல் உள்ளே போகிறது. ஓங்கிக் குத்தினால் விறைத்துக்கொள்கிறது. விமானம் தரையில் பலமாக மோதும்போது இதுதான் வேண்டும். மெத்தென்ற ஸ்பாஞ்சு ஒரே நொடியில் நசுங்கிவிடும், அப்புறம் சட்டத்தின் அடி நேராக முதுகெலும்புக்கு. ஒரு குறை, குளிரில் இது கட்டையாகிவிடும். முதல் பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

மெத்தையின் உயரத்தை மறந்துவிடாதீர்கள். பழையது 4 இன்ச்சாக இருந்து அமுங்கி 2 ஆகியிருந்தது. நான் அதற்குப் பழகிவிட்டேன். புதிதாக 4 இன்ச் வைத்தால் ஹெட்செட் கூரையில் இடிக்கும்.

அமெரிக்க விதிப்படி, சொந்த விமானத்தின் சீட் உறையை மாற்ற, முக்கிய அமைப்பு எதையும் பிரிக்காதவரை, உரிமம் பெற்ற பைலட்டுக்கே அனுமதி உண்டு. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துணிக்கும் ஃபோமுக்கும் எரிப்புச் சோதனைச் சான்றிதழைக் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். "ஏவியேஷன் கிரேடு சார்" என்று வாயால் சொன்னால் போதாது.

சீட்டைக் கழற்றியதில் சீட் நகரும் தண்டவாளம் தரையில் நன்றாகத் தெரிகிறது. சீட்டை நகராமல் பூட்டும் ஊசி விழும் இந்த ஓட்டை வட்டமாக இல்லை, கொஞ்சம் நீண்டிருக்கிறது. டேக்ஆஃபில் சீட் பின்னால் வழுக்கி விபத்தானதால்தான் இதைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. உத்தரவே போட்டிருக்கிறது. தையல் காத்திருக்கட்டும், நாளைக்கு முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன்.