ஒரு தட்டில் எண், இன்னொரு தட்டில் கேரளா: ஆங்கிலத் தேர்வில் ஒப்பீட்டுக் கேள்விகள்

[திரையில் ஒரே ஒரு வாக்கியம்: தி பாப்புலேஷன் ஆஃப் தமிழ்நாடு இஸ் லார்ஜர் தேன் கேரளா.]

வணக்கம். இந்த வாக்கியத்தில் என்ன தப்பு? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சரி. கணக்கில் தப்பில்லை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், கேரளாவில் 3.34 கோடிப் பேர். ஆனாலும் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் இதற்கு 'நோ எரர்', அதாவது பிழை இல்லை என்று குறித்துவிட்டு வந்தால், வரவேண்டிய 2 மதிப்பெண்ணும் வராது, கையில் இருப்பதில் அரை மதிப்பெண்ணும் போய்விடும்.

'தேன்' என்ற சொல்லுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பாப்புலேஷன், அதாவது ஓர் எண். அந்தப் பக்கம்? கேரளா, ஒரு மாநிலம். தராசின் ஒரு தட்டில் '7.21 கோடி' என்று எழுதிய துண்டுச் சீட்டு. இன்னொரு தட்டில் காயல், ரப்பர் தோட்டம், படகு வீடு எல்லாவற்றோடும் சேர்த்து முழுக் கேரளா. இப்படித்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறது இந்த வாக்கியம்.

இது ஏன் நம் கண்ணில் படுவதில்லை? தமிழில் இது தப்பே இல்லை, அதனால்தான். 'தமிழ்நாட்டின் மக்கள்தொகை கேரளாவைவிட அதிகம்' என்று தாராளமாக எழுதுவோம். 'கேரளாவினுடையதைவிட' என்று யாராவது சொன்னால்தான் ஒரு மாதிரி பார்ப்போம். 'உன் சம்பளம் என்னைவிட ஜாஸ்தி' என்கிறோம். 'என்னைவிட' என்றால் நான் என்ன சம்பளமா? யாரும் கேட்பதில்லை. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது கேட்பவருக்குப் புரியும் என்று 'விட' அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. உண்மையைச் சொன்னால், ஆங்கிலக்காரர்களும் பேச்சில் இப்படித்தான் தாவுகிறார்கள். தேர்வுத்தாள்தான் தாவ விடாது.

[திரையில் கேள்வி: தி பாப்புலேஷன் ஆஃப் தமிழ்நாடு இஸ் 'மோர் தேன் ட்வைஸ் கேரளா'. மேற்கோளுக்குள் இருப்பதைத் திருத்துக.]

நான்கு விடைகள் தருகிறேன். அ: மோர் தேன் ட்வைஸ் ஆஃப் கேரளா. ஆ: மோர் தேன் ட்வைஸ் தோஸ் ஆஃப் கேரளா. இ: மோர் தேன் ட்வைஸ் தட் ஆஃப் கேரளா. ஈ: நோ இம்ப்ரூவ்மென்ட்.

தமிழ் மனசு நேராக 'அ'வுக்குப் போகும். 'கேரளாவின் இரு மடங்கு' என்பதை அப்படியே பெயர்த்தால் 'ட்வைஸ் ஆஃப் கேரளா'தானே? ஆனால் ஆங்கிலத்தில் 'ட்வைஸ்' என்பதை ஒட்டி இப்படி 'ஆஃப்' வராது. 'ஆ'வில் வரும் 'தோஸ்' பன்மைக்கு உரியது, பாப்புலேஷனோ இங்கே ஒருமை. ஆக விடை 'இ'. அந்த 'தட்'தான் பாப்புலேஷனுக்குப் பதிலாள். 'ட்வைஸ் கேரளாஸ்' என்று கடைசியில் உடைமைக் குறி போட்டு எழுதினாலும் சரிதான், எண்ணுக்கு எண் நேராக நின்றுவிடுகிறது.

இதில் ஒரு சின்ன நுணுக்கம். பதிலாள் வரும்போது முன்னிடைச் சொல்லையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். 'தி ரெயின்ஃபால் இன் மௌசின்ராம்' என்று தொடங்கினால் 'தட் இன் சென்னை' என்று முடியுங்கள். அங்கே 'இன்', இங்கே 'ஆஃப்' என்று மாற்றி வைத்துப் பிழை தேடச் சொல்வதும் உண்டு.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், 'எனி அதர்'.

[திரையில்: ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தி வெஸ்டர்ன் காட்ஸ்.]

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. அப்புறம் என்ன தப்பு? மேற்குத் தொடர்ச்சி மலையின் சிகரங்களில் ஆனைமுடியும் ஒன்று. அதில் 'எந்தச் சிகரத்தையும்விட' உயரம் என்றால், அது தன்னைவிடத் தானே உயரம் என்றாகிவிடுகிறது. ஆகவே 'எனி அதர் பீக்'.

இந்த அளவுக்கு எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கும். 'எனி' கண்டால் 'அதர்' போடு என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருப்பார்கள். பாருங்கள்.

[திரையில்: ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் தமிழ்நாடு.]

இது தப்பு! ஆனைமுடி இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குப் பக்கத்தில். 'தமிழ்நாட்டின் வேறு எந்தச் சிகரத்தையும்' என்றால் ஆனைமுடியையும் தமிழ்நாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டோம் என்று பொருள். இங்கே 'அதர்' இல்லாமல் வெறும் 'எனி பீக்'தான் சரி. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவைப் பற்றிப் பேசினால் 'எனி அதர்' போடலாம், அது நீலகிரியில் நம் எல்லைக்குள் இருக்கிறது. நான் தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்வேன். ஒப்பிடப்படும் ஆள் வட்டத்துக்குள் இருந்தால் 'அதர்' வேண்டும், வெளியே நின்றால் வேண்டாம்.

இனிக் கொஞ்சம் வேகமாகப் போகலாம்.

'வெங்காய விலை மலிவு' என்று சொல்கிறோமா, உடனே 'தி பிரைஸ் இஸ் சீப்பர்' என்று எழுதிவிடுகிறோம். மலிவது வெங்காயம். விலை குறையும், அதனால் 'லோயர்'. 'தி நம்பர் ஆஃப் கேண்டிடேட்ஸ்' என்றாலும் அதே கதை. ஆட்கள் 'மோர்' ஆகலாம், எண் 'கிரேட்டர்' அல்லது 'லார்ஜர்'. (எழுதுகிறவர்கள் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்று இந்த உதாரணத்தை நீட்ட மனசு வரவில்லை.)

'ஃபியூவர்', 'லெஸ்' சண்டை தெரிந்ததுதான். எண்ணக்கூடியதற்கு முன்னது, எண்ண முடியாததற்குப் பின்னது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் 'எனக்கு இதுதான் நயமாகப் படுகிறது' என்ற தோரணையில் எழுதிவைத்தது, பின்னால் சட்டமாகவே ஆகிவிட்டது. சட்டமென்றாலும் ரூபாய், கிலோமீட்டர், நிமிடம் எல்லாம் விதிவிலக்கு. 500 ரூபாயை ஒவ்வொன்றாக எண்ணினாலும் ஆங்கிலம் அதை ஒரே தொகையாகத்தான் பார்க்கும், 'லெஸ் தேன்' என்றே எழுதுங்கள்.

இன்னொன்று. 'ஐ பாரோட் மோர் மணி ஃப்ரம் மை பிரதர் தேன் மை சிஸ்டர்.' அக்காவிடம் வாங்கியதைவிட அண்ணனிடம் அதிகம் வாங்கினேனா, அண்ணனிடம் அக்கா வாங்கியதைவிட நான் அதிகம் வாங்கினேனா? கடன் விஷயத்தில் இந்தக் குழப்பம் வீட்டுக்கு ஆகாது. முதல் அர்த்தம் வேண்டுமென்றால் 'தேன் ஃப்ரம் மை சிஸ்டர்', இரண்டாவது வேண்டுமென்றால் 'தேன் மை சிஸ்டர் டிட்'.

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்குப் படிப்பவர்கள் மூச்சு விடலாம். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, ஆகவே கடைசியாக ஒன்று.

[திரையில்: கேரளாஸ் லிட்டரசி ரேட் இஸ் ஃபோர்ட்டீன் பர்சென்ட் ஹையர் தேன் தமிழ்நாடு.]

2011இல் கேரளாவின் எழுத்தறிவு 94 சதவீதம், தமிழ்நாட்டில் 80 சதவீதத்துக்கு ஒரு துளி மேலே. இந்த வாக்கியத்தில் இரண்டு பிழை. ஒன்று, வலப்பக்கம் மாநிலம் நிற்கிறது. அதை 'தமிழ்நாடுஸ்' என்று மாற்றிவிடுவீர்கள். இன்னொன்று அந்த 'பர்சென்ட்'. 80க்கும் 94க்கும் நடுவில் இருப்பது 14 சதவீதப் புள்ளிகள், அதாவது 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. சதவீதமாகவே சொல்ல வேண்டுமென்றால் 14ஐ 80ஆல் வகுத்துப் பாருங்கள்: 17 சதவீதத்துக்கு மேல் வரும்.