பணிக்கர் பார்த்த கணக்கு நோட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஓவியர்களைப் பேட்டி எடுக்கிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் படத்துக்கான உந்துதல் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது?" ஓவியரும் பாவம், கேட்ட மனுஷரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று கடல், மழை, கிராமத்து வாழ்க்கை என்று எதையாவது சொல்லிவைப்பார். கடலை யார்தான் பார்க்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவில் அத்தனை ஜனமும் கடலைத்தான் பார்க்கிறது. அதில் சுண்டல் மடித்த காகிதத்திலாவது ஒரு கோடு இழுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கட்சி உண்டு. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் இது காது புளித்த விஷயம். ஓவியர் கையில் சிக்குவது பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கிற சாதாரணப் பொருள்தான். அது மேஜைமேல் இருக்கும், அலுவலகத்தில் இருக்கும், பிழைப்புக்குச் செய்கிற வேலையில் இருக்கும். ஆனால் ஒன்று. அவர் ஏற்கெனவே ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அது கண்ணில் படும். இதை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை, அதனால் நீங்கள் பார்த்துப் பழகியதை வைத்தே பேசுகிறேன்.

மெரினா என்றதும் உழைப்பாளர் சிலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நாலு ஆட்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கிறார்கள். 1959இல் வைத்த சிலை. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, வங்காளத்துக்காரர். பெரியமேட்டில் சிவப்புக் கட்டடத்தில் இருக்கிறதே ஓவியக் கல்லூரி, 1850இல் ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பித்தது, அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் இவர். 1957 வரை அங்கே இருந்தார். அந்த நாலு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு உருவத்துக்கு அதே கல்லூரியின் காவலாளி மாதிரியாக நின்றார், இன்னொன்றுக்கு அங்கே படித்த ஒரு மாணவர். ராய் சௌத்ரிக்கு மல்யுத்தத்தில் ஈடுபாடு உண்டு. உடம்பு பாரம் தாங்கும்போது முதுகுச் சதை எங்கே இறுகும், காலின் எந்த இடம் தரையை உதைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த சங்கதி. அடுத்த தடவை கடற்கரைப் பக்கம் போனால் பஸ் ஜன்னல் வழியாக அந்த முதுகுகளைப் பாருங்கள். முகத்தை விடுங்கள், முதுகைப் பாருங்கள்.

இப்போது பணிக்கர். இவரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், குடும்பம் மலபார்ப் பக்கம். அப்பா தவறிப்போனதால் படிப்பை விட்டுவிட்டு, 18 வயதில் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். பிறகு இன்சூரன்சிலும் கொஞ்ச காலம். 25 வயதில்தான் ராய் சௌத்ரியிடம் மாணவராக வந்து சேர்ந்தார். 1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது முதல்வர் பொறுப்பு இவருக்கு வந்தது. அதற்குள் பெயர் வாங்கிவிட்டார். 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டுத் திரும்பியவர்.

ஆனால் ஆள் நிம்மதியாக இல்லை. படத்தில் ஐரோப்பிய ஓவியர் வான்கோவின் சாயல் இருக்கிறது என்றார்கள். இந்தியன் வரைகிற நவீன ஓவியத்தில் இந்தியன் எங்கே இருக்கிறான் என்ற கேள்வி அந்தக் காலத்தில் எல்லா ஓவியர்களையும் குடைந்துகொண்டிருந்தது. புராணக் கதையை வரைந்தால் காலண்டர் என்பார்கள், வரையாவிட்டால் பாரிஸைப் பார்த்து வரைந்தது என்பார்கள். நான் சிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான். நடு வயதைத் தாண்டியவர், கல்லூரி முதல்வர், அடுத்து என்ன வரைவது என்று தெரியாமல் நிற்கிறார்.

1963இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் படுகிறது. ஒரு பக்கம், அவ்வளவுதான். அதில் எண்கள், இயற்கணிதத்துக்கு எழுதும் ஆங்கில எழுத்துகள், வடிவியலின் கோடும் கோணமும். ஒரு புதிய மொழிக்கான வழி தனக்கு அங்கே தெரிந்தது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

நேயர்களே, கணக்கு நோட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஓவிய ஆசிரியனாக எனக்கு அதில் தனிப் பாசம் உண்டு. வரைபட நோட்டில் பிள்ளைகள் பயந்து பயந்து வரைவார்கள், ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும். கணக்கு நோட்டின் ஓரத்தில் அதே பிள்ளை எவ்வளவு சுதந்திரமாகக் கிறுக்கியிருக்கும் தெரியுமா? வலது பக்கம் மார்ஜின் கோடு. அதற்கு வெளியே ரஃப் ஒர்க். ஒரு வகுத்தல் படிப்படியாக இறங்கி மூலையில் முட்டி நிற்கும், இடம் போதாமல் அடுத்த எண் பக்கவாட்டில் திரும்பி ஏறும். காம்பஸ் முள் குத்திய ஓட்டை அடுத்த நாலு தாளிலும் இருக்கும். நடுவில் வாத்தியாருடைய சிவப்பு மை. அழகாக இருக்க வேண்டும் என்று அதில் யாரும் எதையும் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு குறியும் தன் இடத்தில் உறுதியாக உட்கார்ந்திருக்கும். கணக்கு ஆசிரியர்களிடமிருந்து அந்த நோட்டுகளை வாங்கிப் புரட்டுவேன். "சார், உங்களுக்கு என்ன வந்தது இதில்?" என்பார்கள்.

பணிக்கர் அதைப் பார்த்து நோட்டைக் காப்பியடித்து வரையவில்லை. நம் வீட்டில் இருக்கிற இன்னொரு தாளுக்குப் போனார். ஜாதகம்! மூலைகளில் மஞ்சள் தடவிய நோட்டு, பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்குள் ல, சனி, ரா, கே என்று ஒடுக்கிய எழுத்து, நடுக் கட்டத்தில் ராசி. வாசிக்கத் தெரியாதவர்களும் அதைக் கையில் வாங்கியதும் ஒரு மரியாதையோடு பார்ப்போம். புரியாது, ஆனால் நம்மைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது என்று தெரியும். அந்தக் கட்டமும் அட்டவணையும் கிரகக் குறியும் அவர் படத்துக்குள் வந்தன. மலையாள எழுத்துகள் வரிவரியாக ஓடும், கூடவே மீன், பாம்பு, பறவை என்று சின்னச் சின்ன உருவங்கள். 'சொற்களும் குறிகளும்' என்று அந்த வரிசைக்குப் பெயர். 1977இல் மறையும் வரை அதிலேயே இருந்தார்.

அந்த எழுத்தைப் படிக்க முடியாது. மலையாளம் தெரிந்தவராலும் முடியாது. அருங்காட்சியகத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்துத் தோற்றுப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்த பிறகுதான் அவர்களுக்குப் படம் தெரிய ஆரம்பிக்கும்.

இங்கே ஒரு இடைச்செருகல். இது முழுக்க என் ஊகம். பதினெட்டு வயதுப் பையன் தந்தி இலாகாவில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே சேதி என்பதே புள்ளியும் கோடும்தான். யாருக்கோ கல்யாணம், யாருக்கோ சாவு, எல்லாம் ஒரே குறிகளில் போகிறது. அந்தப் பழக்கம் முப்பது வருஷம் கழித்து ஒரு கணக்கு நோட்டைப் பார்த்ததும் எட்டிப் பார்த்திருக்காதா? பணிக்கர் இப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. எனக்குத் தோன்றுகிறது, விட்டுவிடுகிறேன்.

அடுத்தது பிழைப்பு. உந்துதல் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடவே மாட்டார்கள்.

அறுபதுகளில் சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் மிகச் சிலர். கல்லூரியை முடித்த பிள்ளைகள் பேனர் எழுதப் போக வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போல வாத்தியார். பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கைவினைக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பாத்திக் செய்தார்கள், துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற வேலை. பாத்திக் புடவை உங்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் டீச்சர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது விற்றது. அப்படிச் சேர்ந்த பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. இன்றைக்கு அது ஈசிஆர், கார் நிறுத்த இடமில்லை. அன்றைக்கு மணலும் சவுக்குந்தான், கரண்ட் கிடையாது. முப்பதுக்கு மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்தார்கள். நாளில் கொஞ்ச நேரம் விற்பனைக்கான கைவேலை, மீதி நேரம் சொந்தப் படம். அந்தப் படத்தை யாரும் வாங்காவிட்டாலும் அடுப்பு எரியும். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து வரைய வேண்டிய அவசியம் போய்விட்டது.

ஓவியன் துணிக்குச் சாயம் முக்குவதா என்று அப்போதும் சிலர் முகம் சுளித்தார்கள், இப்போதும் சுளிக்கிறார்கள். எனக்கு அது அடியோடு பிடிக்காது. நீங்கள் ஒரு தடவை பாத்திக் செய்து பாருங்கள். தேன்மெழுகும் பாரஃபினும் கலந்து உருக்க வேண்டும். எந்த இடத்தில் வெள்ளை நிற்க வேண்டுமோ அங்கே மெழுகு, அதாவது சாயம் ஏறாத இடத்தைத்தான் நீங்கள் வரைகிறீர்கள். துணியில் மெழுகு ஊறினால் அந்த இடம் எண்ணெய் பட்டது போலத் தெளிவாகும். ஆறிய மெழுகாக இருந்தால் மேலேயே வெள்ளையாக நிற்கும், அப்புறம் சாயம் அடியில் புகுந்துவிடும். ஆகவே தூரிகையைத் தொட்டு எடுத்த சில நொடிக்குள் கோட்டை முடிக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை, அழிக்க வழியில்லை. பிறகு மஞ்சளில் முக்கு, மறுபடி மெழுகு, அதன்மேல் சிவப்பு, அதைவிட இருண்ட நிறம் அப்புறம். பாரஃபின் கூடினால் மெழுகு முறியும், முறிந்த இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக ஓடும். சென்னை ஓவியர்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவர்களுடைய கோட்டைத்தான் புகழ்கிறார்கள், தயங்காத கோடு என்று. அந்தக் கோட்டில் மெழுகுச் சட்டிக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. முன்பே சொன்னேன், பிழைப்புக்குச் செய்கிற வேலை என்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்குகிறேன்.

சிற்பி பி.வி. ஜானகிராமைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கோயிலில் சுவாமிக்கு வெள்ளிக்கவசம் சாத்துவார்களே, தகட்டைப் பின்பக்கம் தட்டி முன்பக்கம் புடைக்க வைக்கிற வேலை அது. அவர் அதை எடுத்துச் செம்புத் தகட்டில் சிற்பம் செய்தார். முன்னாலிருந்து மட்டுமே பார்க்க வேண்டிய சிற்பம். சுற்றி வந்து பார்த்தால்தான் சிற்பம் என்று கல்லூரியில் படித்திருந்தோம், நமக்கோ கர்ப்பகிரகத்துக்கு எதிரே நின்றுதான் பழக்கம். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் செம்பிலும் பித்தளையிலும் அந்த முன்பக்கச் சிற்பத்தைத் தொடர்ந்தார். இருவர் வேலையையும் ஈஞ்சம்பாக்கத்தில் பார்க்கலாம், அங்கே 2009இலிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது.

ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லாமல் போனால் என்னை மன்னிக்க மாட்டார்கள். துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூர்க்காரர். காந்தி நூற்றாண்டுக்காக 1969இல் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார், நூறு படம் அளவில். கறுப்பு மை, வெள்ளைத் தாள், அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிறுபத்திரிகை அட்டைகளில் அவர் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் அவர் எண்ணெய் வண்ணத்துக்குப் போய், உருவத்தையே விட்டுவிட்டது தனிக் கதை. சோழமண்டலத்து ஓவியர் கே. ராமானுஜம் வரைந்த மாளிகைகளும் அதில் தொப்பி போட்டுக்கொண்டு அவரே உலவுவதும் இன்னொரு கதை. அவற்றுக்கு இன்றைக்கு நேரமில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.